ஏற்றத்தில் சாயும் முள்

"சாவியப் போடு" என்று டிரைவர் செவேரோவிடம் சொல்கிறாள் மெக்கானிக் பசிலியா. மினிபஸ்ஸின் பின்சீட்டைத் தூக்கிவிட்டு, அடியில் இருக்கும் டேங்க் மூடிமேல் இடது காதை ஒட்டவைத்து மண்டியிட்டிருக்கிறாள். எதிரே பொரித்த அப்பம் விற்கிறவள் கூவத் தொடங்கினால் கையை மட்டும் உயர்த்துவாள். "வாய மூடு தாயே, பம்ப் பேசுது!" மலைமேலிருக்கும் எல் ஆல்ட்டோ நகரின் அந்தத் தெரு முழுக்க அடங்கும். சாவி திரும்பியதும் பெட்ரோல் பம்ப் ஒரு மூச்சு நேரம் ரீங்காரமிட்டு நிற்கும். அது அவளுக்குப் போதும். "என் காதுல கண்ணு இருக்குடா" என்று சொல்லிக்கொண்டே எழுவாள். அடக்கம் என்பது அவளுக்கு ஒத்துவராத உடுப்பு.

வேலை செய்யும்போது மடிப்புப் பாவாடையின் ஓரத்தை இடுப்பில் செருகிக்கொள்வாள். இரட்டைப் பின்னலின் நுனிகளைப் பெட்ரோல் குழாய் மாட்டும் இரும்புக் கிளிப்பால் முதுகுப்பக்கம் சேர்த்துக் கட்டியிருப்பாள். உருண்டைத் தொப்பியைக் கழற்றி, பழுதான வண்டியின் கூரைமேல் வைப்பாள். பழுது தீரும்வரை அது தலைக்குத் திரும்பாது. தெருவில் போகிறவர்கள் தொப்பியைப் பார்த்தே விஷயத்தைத் தெரிந்துகொள்வார்கள். செவேரோவின் மினிபஸ்மேல் அது முந்தின நாள் காலையிலிருந்தே இருந்தது.

செவேரோவுக்குத் தூக்கம் போய்விட்டிருந்தது. கீழே லா பாஸ் நகரிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும்போது, எப்போதும் அதே பெரிய வளைவில், எஞ்சின் இருமி நின்றுவிடும். சற்றுப் பொறுத்து சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காததுபோல ஓடும். பயணிகள் திட்டிக்கொண்டே இறங்கி நடந்தார்கள். மினிபஸ் தடத்துச் சங்கத்தின் தலைவர் அன்செல்மோ கடைசியாகச் சொல்லிவிட்டார்: "இன்னைக்கு சாயந்திரம் நானே முன்சீட்டுல உக்காருவேன். ஏத்தத்துல நின்னுச்சு, வரிசையில உன் இடம் வேற ஆளுக்கு." அந்த இடத்துக்காக செவேரோ வருடக்கணக்கில் காத்திருந்தவன்.

பக்கத்துப் பட்டறை வால்தேர் ஏற்கெனவே பம்பை மாற்றியிருந்தான், ஃபில்டரை மாற்றியிருந்தான். இப்போது வாசலில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தான். பசிலியா பிரஷர் மீட்டரை மாட்டினாள். முள் நேராக நின்றது.

"பாத்தியாக்கா? சிப்பாய் மாதிரி நிக்குது. நான் போட்ட பம்ப்!"

"நிக்கிற வண்டில நிக்காம என்னடா பண்ணும்? ஓரமா நின்னு உறிஞ்சுற எஞ்சினுக்கு ஒரு சொட்டு போதும். மலையேறும்போது குடம் குடமா கேக்கும். அப்போ பாக்கணும் உன் சிப்பாய."

நீளக் குழாயை பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, மீட்டரை முன்கண்ணாடியின் வைப்பருக்கடியில் கட்டினாள். உள்ளே உட்கார்ந்தே முள்ளைப் பார்க்கலாம். வெறும் வண்டியாகக் கீழே இறங்கி, திரும்பி ஏறினார்கள். வளைவு நெருங்கியபோது முள் தூங்கி விழுகிற தலைபோல மெல்லச் சாய்ந்தது. எஞ்சின் இருமியது, நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் செவேரோவின் குலத்தையே விசாரித்தான்.

"இப்ப என்னக்கா?" என்றான் செவேரோ.

"இப்ப சாப்பிடலாம்." பாவாடை மடிப்பிலிருந்து ஒரு இறைச்சி அப்பத்தை எடுத்து, சாறு சிந்தாமல் உறிஞ்சித் தின்றாள். பிறகு சாவியைத் திருப்பச் சொன்னாள். முள் எழுந்து நேரானது. "பம்ப் செத்திருந்தா இப்படித் துள்ளி எழுந்திருக்காது. உள்ள என்னவோ அதோட வாய அடைக்குது. உறிஞ்சும்போது போய் ஒட்டுது, நிறுத்தினா உதிர்ந்துடுது."

பட்டறைக்கு வந்து பம்பை வெளியே எடுத்தார்கள். அதன் வாயிலிருந்த சல்லடை துடைத்துவைத்ததுபோல் இருந்தது. வால்தேர் தொடையில் தட்டிச் சிரித்தான். "நானும் அன்னைக்கே பாத்தேன், பளபளன்னுதான் இருந்துச்சு! காதுல கண்ணு இருக்குன்னா கண்ணாடி போட்டுக்கக்கா!" சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பசிலியா சல்லடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உரக்கப் பேசுகிறவர்களுக்கு உள்ளே சந்தேகமே வராது என்று நினைப்பது நம்முடைய வசதிக்காகத்தானோ? கூரைமேலிருந்த தொப்பியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "மாவு மூட்டைத் துணி கொண்டா. டேங்க்க அடியோட வடிகட்டணும்" என்றாள்.

வெள்ளைத் துணியில் பெட்ரோல் இறங்கியது. முதலில் ஒன்றுமில்லை. அடிவண்டல் வரும்போது துணியில் ஒரு ரோஜா நிறப் பொட்டு. பிறகு பச்சை. பிறகு மஞ்சள், நீலம் என்று கைநிறைய வண்ணக் காகிதத் துணுக்குகள், நடுவே ஊறிச் சுருண்ட பூவிதழ்கள்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் செவேரோவைப் பார்த்தார்கள்.

"கார்னிவல் செவ்வாய்க்கிழமை வண்டிக்குப் படையல் போட்டியே, எங்க போட்ட?" என்று கேட்டாள் பசிலியா.

"எல்லாரும் போடுற மாதிரிதான்க்கா. சக்கரத்துக்கு பீர், பானெட்டுக்குப் பூவும் கலர்க் காகிதமும்..." குரல் தேய்ந்தது. "கொஞ்சம் குடிச்சிருந்தேன். எல்லாத்துக்கும் குடுத்துட்டோம், டேங்குக்கு மட்டும் ஒண்ணும் குடுக்கலயேன்னு தோணுச்சு. மூடியத் திறந்து ஒரு பிடி..."

"ஒரு பிடியா? கல்யாணமே நடத்திருக்கியேடா உள்ள!"

தெரு வெடித்துச் சிரித்தது. வால்தேர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான். சிரித்து ஓய்ந்ததும் டேங்க்கைக் கழுவ அவனே சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்தான். பசிலியா அந்தத் துணுக்குகளைத் தகர மூடியில் பரப்பி வெயிலில் வைத்தாள். "எதுக்குக்கா இந்தக் குப்பை?" என்றான் அவன். "உனக்கெதுக்கு? தேய்."

சாயந்திரம் பயணிகள் நிறைந்திருந்தார்கள். தலைவர் அன்செல்மோ முன்சீட்டில் ஸ்வெட்டர் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கும் செவேரோவுக்கும் நடுவில் பசிலியா நெருக்கிக்கொண்டாள். தொப்பி மடியில் இருந்தது. வெளியே மீட்டர் ஆடாமல் நின்றது.

"முள்ளு சாயப்போகுதா, தோன்யா பசிலியா?" என்றார் தலைவர்.

"உங்க கழுத்துதான் சாயும் தலைவரே, இப்படியே எட்டிப் பாத்துட்டிருந்தா."

பெரிய வளைவு வந்தது. செவேரோவின் உதடு பிரார்த்தனையில் அசைந்தது. பயணிகளில் விஷயம் தெரிந்த சிலர் பையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கத் தயாரானார்கள். அவன் மிதித்தான், எஞ்சின் முழுத்தொண்டையில் கத்தியது. தலைவரின் கண் முள்ளிலேயே இருந்தது. பசிலியா மட்டும் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. வளைவு பாதிகூடத் தாண்டவில்லை. அவள் பாவாடை மடிப்பிலிருந்து, இன்னும் பெட்ரோல் வாடை போகாத வண்ணக் காகிதத்தை ஒரு சிட்டிகை எடுத்து, தொப்பியின் உச்சியில் தூவி, அதைத் தலையில் வைத்துக்கொண்டாள்.