எங்கள் வீட்டுச் சுவருக்கு வேர்த்த கதை

எங்கள் வீடும் பெரியப்பா வீடும் முதலில் ஒரே வீடு. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் எழுப்பி இரண்டாக்கியிருந்தார்கள். எங்கள் பக்கம் அந்தச் சுவரையொட்டி அடுப்படி, சாப்பிடுவதும் அங்கேதான். அந்தப் பக்கம் பெரியப்பா படுக்கிற அறை. திருபுவனையில் ஒரு கம்பெனியில் அவருக்கு எப்போதும் நைட் ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். நான் நாலாவது படித்த வருஷம் அந்த அறைக்கு ஏசி மாட்டி, ஓரத்தில் ஒரு பாத்ரூமும் கட்டினார். அடுத்த மாதமே எங்கள் சுவர் நனைய ஆரம்பித்தது.

சும்மா ஈரம் இல்லை. சொட்டுச் சொட்டாக வடியும். சுண்ணாம்பு உப்பி உதிர்ந்து, கறுப்பாகப் பூசணம் பிடித்தது. பாத்ரூம் தண்ணீர்தான் ஊறி வருகிறது என்றார் அப்பா. "எங்க பாத்ரூம்ல ஒரு பொட்டுத் தண்ணி வெளிய போவாது, உன் வூட்டப் பாருடா" என்றார் பெரியப்பா. தெருவில் நின்று இருவரும் போட்ட சத்தத்துக்குப் பால்காரர் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார். அன்றோடு பேச்சு நின்றது. போக்குவரத்தும் நின்றது.

எனக்கு மட்டும் நிற்கவில்லை. சுவர் கட்டியபோது கரண்ட் ஒயர் போக விட்ட குழாய் ஒன்று அதில் இருந்தது. ஒயரை உருவிய பிறகு கட்டைவிரல் அளவு ஓட்டை. எங்கள் பக்கம் தினசரிக் காலண்டர் அதை மறைத்தது. பெரியப்பா வேலைக்குப் போனதும் அவர் மகள் அந்தப் பக்கம் வாயை வைப்பாள், நான் இந்தப் பக்கம் காதை வைப்பேன். உலகத்தில் எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று எனக்கு அப்படி ஒரு கர்வம்.

அப்பாவுக்கோ புதுப் பழக்கம் ஒன்று வந்திருந்தது. காலையில் காபியோடு நாற்காலியை இழுத்து அந்தச் சுவரோரமே உட்காருவார். "சட்டையெல்லாம் நனஞ்சி போவுது, அங்க இன்னாத்துக்கு உக்கார்றீங்க?" என்று அம்மா கத்துவார். "சில்லுனு கீது, வுடு" என்பார்.

கடைசியில், பாத்ரூமை இடிக்கச் சொல்லிக் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் மனு கொடுப்பது என்று முடிவாகிவிட்டது. மனுவும் எழுதியாகிவிட்டது; திங்கட்கிழமை கொடுக்கவேண்டியதுதான் பாக்கி. சனிக்கிழமை சித்தி வந்தார். அம்மாவின் தங்கை. ஐஸ் ரூம்களுக்குச் சுவர்ப் பலகை செய்யும் இடத்தில், காற்று கசியும் இடுக்கு எங்கே இருக்கிறதென்று பார்ப்பதே அவர் வேலை.

"ஒரு நாள் டைம் குடுங்க மாமா" என்று சுவரைத் துடைத்தார், டேபிள் ஃபேன் வைத்துக் காயவைத்தார், ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டினார். "தாளுக்கு உள்பக்கம் தண்ணி நின்னா அது பெரியவரு பாத்ரூம். வெளிப்பக்கம் நின்னா நம்ம வூட்டுக் காத்துல கீற தண்ணி."

"காத்துல ஏதும்மா தண்ணி?" என்று அப்பா சிரித்தார்.

ஞாயிறு காலை. பெரியப்பா வந்து படுத்து ஏசி ஓடியது. அம்மா இட்லிக் குண்டானைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் தாளின் வெளிப்பக்கம் மங்கியது. பிறகு புள்ளி புள்ளியாக முத்து கோத்தது. யாரும் ஊற்றவில்லை, தெளிக்கவில்லை. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தண்ணீர் வந்தது! சித்தி தாளை உரித்தார். உள்பக்கம் காய்ந்து கிடந்தது. அப்பாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"அவங்க பக்கம் குளிரு, நம்ம பக்கம் ஆவி. சுவத்துக்கு வேர்க்குது, அவ்ளோதான். ஆனா இவ்ளோ வேர்க்கக் கூடாதே" என்று சித்தி ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தினார்.

சுவரோரமாக அதை மெல்ல நகர்த்தினார். புகை நூல் பிடித்ததுபோல் நேராக ஏறியது. காலண்டர் பக்கம் வந்ததும் யாரோ ஊதித் தள்ளியதுபோல் திரும்பிச் சித்தியின் முகத்தில் அடித்தது. அம்மாடி! காற்றை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். வாய் பிளந்து நின்ற எனக்கு, அது எங்கள் ஓட்டையைத்தான் காட்டிக்கொடுக்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

சித்தி காலண்டரைக் கழற்றினார். ஓட்டையிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. கூடவே, கொர்ர் கொர்ரென்று பெரியப்பாவின் குறட்டையும் வந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா மட்டும் ஆச்சரியப்படவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் குளிர் காத்துதான் சுவத்த இன்னும் சில்லுனு ஆக்குது. இப்பவே சிமெண்டு வச்சி அடச்சிடட்டுமா மாமா?"

"அண்ணன் ஏந்திரிக்கட்டும். தூங்கற மனுசன எழுப்பாத."

சாயங்காலம் அப்பா வாசல் வழியாக அங்கே போனார். என்ன பேசினார்களோ, மனு அடுப்புக்குப் போனது. பெரியப்பா அந்தப் பக்கமும் அப்பா இந்தப் பக்கமும் நின்று ஓட்டையை அடைத்தார்கள். நான் அழுத அழுகைக்கு, "அதான் வாசல் கீதே, போய்ப் பேசுடி" என்றார் அம்மா.

மறுநாள் சுவர் கிட்டத்தட்டக் காய்ந்திருந்தது. அப்பா வழக்கம்போல் காபியோடு அதே இடத்தில் வந்து உட்கார்ந்தார். ஓட்டையை அடைத்த இடத்துப் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், பெரியப்பா படுத்திருந்த அறை ஜன்னலுக்கு வெளியே போட்டு உட்கார்ந்துவிட்டார். அங்கே முழு வெயில். பேசக்கூட யாரும் விழித்திருக்கவில்லை, உள்ளேயிருந்து குறட்டைதான் வந்தது.

சில்லென்று உட்கார்ந்து பழகிய மனிதர், இந்த வெயிலில் ஏன் உட்கார்கிறார் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.