அப்பாவுக்குச் சொன்ன ஜப்பான் கதை

அப்பாவின் அப்பாவுக்குத் திதி கிடையாது. செத்த நாள் தெரிந்தால்தானே திதி? மலேயாவில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், கர்ப்பிணி மனைவியைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார். பின்னாலேயே யுத்தம் வந்தது. சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவ்வளவுதான் தகவல். அப்பா தன் அப்பன் முகம் பார்க்காமலே எண்பதைத் தாண்டிவிட்டார். அமாவாசைக்கு அமாவாசை எள்ளும் தண்ணீரும் இறைப்பார். அம்மா போன பிறகு ஆஸ்திரேலியாவில் என்னோடு பென்டில் ஹில்லில் இருக்கிறார். இங்கேயும் அதை விடவில்லை.

எனக்கு லிட்கம் பக்கம் முதியோர் இல்லத்தில் வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துடைப்பது. அங்கே ஒரு ஜப்பான் அம்மாள் இருந்தார். தொண்ணூறு தாண்டியவர், ஆஸ்திரேலியரைக் கட்டிக்கொண்டு வந்தவர். ஊட்டும்போது தன் தகப்பனாரின் கதையை ஆங்கிலத்தில் சொல்வார், தினம் ஒரு துண்டு. வீட்டில் நாள் முழுக்கப் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் நான் அதையே கொண்டுபோய்ச் சொன்னேன். புத்தி கெட்ட வேலை. நுணலும் தன் வாயால் கெடும்.

முதல் நாள் அப்பா, "ஜப்பான்காரனா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பனி கொட்டும் மலையூரில் குடியானவனுக்கு மூன்றாவது பிள்ளை, பதிமூன்று வயதில் மொட்டையடித்து ராணுவப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள், போர்வைக்குள் முகத்தை வைத்து அழுவானாம் என்றதும் திரும்பினார்.

"பச்சப் புள்ளையவா அனுப்புனாங்க? அடப்பாவிங்களா! சின்னப் பையன், அவன் என்ன பண்ணுவான்?"

அதற்கப்புறம் நான் செருப்பைக் கழற்றுமுன்னே கேட்பார்: "பையன் என்ன ஆனான்?" பையன் நில அளவையில் முதலாவதாக வந்தான். ஜெர்மன் படித்தான். லெப்டினன்ட் ஆகி, இடுப்பில் வாளோடு ஊருக்குப் போனபோது பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லை. அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். "கெட்டிக்காரன்மா. நான் அப்பவே சொல்லல?" கேப்டன் ஆனான், கல்யாணம் ஆயிற்று, ஒரே மகள் பிறந்தாள். அந்த மகள்தான் நான் ஊட்டிவிடும் அம்மாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் சொன்னார்: ஜெனரல் ஆனதும் தகப்பனாரைச் சயாமுக்கு அனுப்பினார்களாம். ரயில் பாதை போடும் பொறுப்பு. பொல்லாத காடு, கூலிகள் நிறையப் பேருக்குக் காய்ச்சல், ஆனாலும் குறித்த காலத்துக்குள் முடித்துவிட்டாராம். சொல்லிவிட்டு வாயைத் திறந்தார். நான் அடுத்த ஸ்பூனை வைத்தேன்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. கடைவாயைத் துடைத்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைத்தேன். பல் டாக்டர் ஊசி போட்ட ஈறை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல அன்று முழுக்க அதையே தொட்டுக்கொண்டிருந்தேன்.

கூட வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் சொன்னேன். "அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ அக்கா. வயசு போன மனுசன், தாங்க மாட்டார்," என்றாள். "ஆள் செத்துப் போச்செண்டு கதைய முடிச்சு விடுங்கோ."

அப்படியே முடித்தேன். "காய்ச்சல்ல போயிட்டான்பா. கேப்டனா இருக்கும்போதே. அந்தம்மா அப்ப கைக்குழந்தை."

"அதுவும் அப்பன் முகம் பாக்காத புள்ளையா," என்றார் அப்பா. அன்று அவர் சாப்பிடவில்லை. எனக்குப் பசித்தது, சாப்பிட்டேன்.

மகாளய அமாவாசையன்று லீவு எடுத்திருந்தேன். அப்பா வேட்டிக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் புல்தரையில் தாம்பாளத்தின் முன் உட்கார்ந்தார். நான் செம்பிலிருந்து அவர் கையில் தண்ணீர் விட்டேன். அது எள்ளோடு சேர்ந்து தாம்பாளத்தில் விழுந்தது. தன் அப்பன் பெயரை மூன்று முறை சொன்னார். முடிந்தது என்று செம்பை நிமிர்த்தினேன்.

"இரும்மா. அந்தப் பையனுக்கும் ஒரு கை. ஆம்பளப் புள்ள இல்ல, அவனுக்கு யாரு எறைப்பாங்க?"

"அதெல்லாம் வேணாம்பா. அவங்க வழக்கம் வேற."

"தாகத்துக்கு என்னம்மா வழக்கம்? பேரச் சொல்லு."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். எள் ஒட்டிய கை நீட்டியபடியே இருந்தது. ஜெனரலின் பெயரைச் சொன்னேன். அவர் வாயில் நுழையவில்லை; இன்னொரு தடவை கேட்டார். நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொடுத்தேன். அவர் சரியாகச் சொல்லும்வரை காத்திருந்து, தண்ணீரை விட்டேன்.