அடுப்படிக் கதவோரம் ஒரு மைக்

அருளப்பனின் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசைக்கு வருபவர்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் கிளாக்கராக இருந்தவன் நான். தலைப்புப் போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது.

1. செய்தி வந்த விதம்
2. அவர் மைக் தெரிந்தெடுத்த விதம்
3. பாட்டுப் பதிவில் அவர் செய்த ஒரே பிழை
4. என்னிடம் மிஞ்சியிருப்பது

அன்று காலை தலவாக்கலையில் வட்டகொடை பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பையில் அவர் வாங்கிவரச் சொன்ன கிட்டார் கம்பிகள் இருந்தன. அவருடைய மனைவி லூர்தம்மா தொலைபேசியில் அழைத்தார். "கிளாக்கரய்யா, கம்பி வேணாங்க. இனி வேணாங்க." விடியும்போது நெஞ்சுவலி வந்தது என்பதை அங்கே போய்த்தான் அறிந்தேன்.

அவர் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர், ஞாயிறு பூசையில் கிட்டார் வாசித்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். சொந்தமாகப் பன்னிரண்டு பாட்டுகள் கட்டி வைத்திருந்தது எனக்கே இந்த வருஷம்தான் தெரிந்தது. தொண்டையில் ஒரு கட்டி. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். குரல் திரும்புமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. "அதுக்குள்ள பன்னெண்டையும் புடிச்சு வச்சிரணுங்க" என்று என்னிடம் வந்தார். எனக்கு இசை தெரியாது. பட்டியல் போடத் தெரியும்.

மூன்று வாரம் படித்துப் பட்டியல் போட்டேன். குரலுக்கு ஒரு மைக் (சிறந்தது முதலாக மூன்று பெயர்கள்), கிட்டாருக்கு ஒரு மைக், இரண்டையும் கணினியோடு இணைக்க ஒரு சின்னப் பெட்டி, காதை மூடும் ஹெட்போன். அவர் அதை மரியாதையாகப் படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஹட்டனில் கடைக்காரர் மூன்று மைக்குகளை மாட்டிக் காட்டினார். அருளப்பன் ஹெட்போனை அணிந்து கண்ணை மூடி நின்றார்.

"பாடிப் பாருங்கய்யா."

"என் பாட்டு எனக்குத் தெரியுந்தானே தம்பி. இது சும்மா இருக்கிறப்ப என்ன சொல்லுதுன்னு கேக்குறேன்."

"சும்மா இருக்கிற மைக்கு என்னத்தய்யா சொல்லும்?"

"இது உஸ்ஸுங்குது. அது கொஞ்சம் பரவாயில்ல. இந்தா, இதுதான் வாயத் தொறக்கல."

நானும் மாட்டிக் கேட்டேன். மூன்றிலும் எனக்கு எதுவும் கேட்கவில்லை. கடைக்காரர் நம்பாமல், அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி, மைக்குகளை இடம் மாற்றி மாற்றிச் சோதித்தார். ஒவ்வொரு முறையும் அருளப்பன் அதே மைக்கைத்தான் சொன்னார். "ஐயா, நீங்க இங்கயே வேலைக்கு வந்துருங்க" என்றார் கடைக்காரர். என் பட்டியலில் அந்த மைக் கடைசியில் இருந்தது.

பஸ்ஸில் கேட்டபோது, தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் இயந்திரத்தை வைத்துச் சொன்னார்: "ரோலர்ல கொழுந்து போட்டுட்டா எல்லாச் சத்தமும் ஒண்ணுதாங்க. வெறுமனே ஓட விட்டாத்தான் அதோட நோவு தெரியும்."

ஆனால் இரண்டாவது மைக்கை அவர் வாங்கவில்லை. "கேக்கப் போறது ஒரு ஆளு. அதுக்கு எதுக்குங்க ரெண்டு?" அடக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன்.

லயத்தில் இருந்த தன் வரிசை வீட்டில் சுவரெங்கும் கம்பளிகளைத் தொங்கவிட்டார். லூர்தம்மாவைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, கிட்டாரை என் மடியில் வைத்து, ஒரே கம்பியைத் தட்டிக்கொண்டிருக்கச் சொன்னார். ஒரு காதை விரலால் அடைத்தபடி அறை முழுக்க நடந்தார். கடைசியில் அடுப்படிக் கதவோரம் போய்க் குந்தி உட்கார்ந்து, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு குறி போட்டார். மைக்கை அங்கே, இடுப்புக்கும் கீழே இறக்கி வைத்தார். கிட்டாருக்கு ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும் என்றுதான் நான் படித்திருந்தேன். இரண்டு முறை மெதுவாகச் சொன்னேன். மூன்றாம் முறை சொல்லத் துணியவில்லை. அவர் அறையின் மறுகோடியில் உட்கார்ந்து பாட, பதினொரு பாட்டுகள் அப்படியே பதிவாயின. பன்னிரண்டாவதன் நடுவில் கம்பி அறுந்தது.

பதிவைக் கேட்டால் குரல் எட்ட நிற்கிறது, கிட்டார் அதற்கும் பின்னால் நிற்கிறது. பூசை முடிந்ததும் உங்களுக்குப் போட்டுக் காட்டும் முன் கணினியில் அதைச் சரிசெய்யலாம் என்று நினைத்தேன். அனுமதி கேட்க நேற்று லூர்தம்மாவிடம் போனேன். முதல் பாட்டைப் போட்டேன். அவர் அடுப்படியை விட்டு வரவில்லை. கதவோரம் பலகையில் உட்கார்ந்து மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"கிட்ட வாங்கம்மா, அப்பதான் நல்லா கேக்கும்."

"நான் என்னைக்குங்க கிட்ட உக்காந்து கேட்டேன்? இங்கன ரொட்டி தட்டிக்கிட்டேதான் கேப்பேன். அவரு அங்கன பாடுவாரு." மாவிலிருந்து கையை எடுத்தார். "அப்புடியே இருக்குங்க. இந்தா, இப்புடித்தான் கேக்கும்."

அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில் அந்தச் சுண்ணாம்புக் குறி இருந்தது. மைக் நின்ற உயரத்தில் அவருடைய காது இருந்தது.

நான் எதையும் சரிசெய்யவில்லை. பிரிக்காத கம்பிப் பொட்டலமும், அவர் சட்டைப்பையில் இருந்து லூர்தம்மா எடுத்துத் தந்த என் பட்டியலும் என்னிடம் இருக்கின்றன. மேலே போட்ட மூன்றாவது தலைப்பைக் கோடு போட்டு அடிக்காமல் விட்டிருக்கிறேன். அந்தப் பிழை அவருடையது அல்ல, என்னுடையது.