சேஷய்யர் தலை பின்னிய கதை

திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகம் தெருவில் சேஷய்யர் நடந்தால், அவர் மனைவி சீதாலக்ஷ்மி நாலு வீடு தள்ளிப் பின்னால் வருவாள். பெண்டாட்டியோடு சேர்ந்து நடப்பது சர்க்கார் ஹுஜூர் கச்சேரி ஹெட்கிளார்க்கின் கௌரவத்துக்கு இழுக்கு என்பது அவர் கட்சி. கோபக்காரர் வேறு. அப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் பிரயாகையில் வேணிதானம் வந்து பிடித்துக்கொண்டது.

நதிகள் கூடும் அந்த இடத்தில் கணவன் தன் கையால் மனைவிக்குத் தலை வாரிப் பின்னி, நுனியைக் கத்தரித்துத் தண்ணீரில் விட வேண்டும். கல்யாணமான நாளாக எதையும் வாய்விட்டுக் கேட்டறியாத சீதாலக்ஷ்மி, தம்பானூரில் ரயில் ஏறும் முன்பே சொல்லிவிட்டாள்.

“நீங்களேதான் பின்னணும், கேட்டேளா? வேற ஒண்ணும் நேக்கு வேண்டாம்.”

ஐயருக்குப் பின்னலில் அரிச்சுவடியும் தெரியாது. தென்காசி தாண்டியதும், எல்லோரும் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, மேல்வேட்டியின் குஞ்சத்தைப் பின்னிப் பழகினார். கூட வந்த எதிர்வீட்டு வெங்கடகிருஷ்ணன் கண்ணைத் திறந்துவிட்டார்.

“என்ன ஓய், மேல்வேட்டிக்கு என்ன தீனம்? நாடி பிடிச்சுப் பாக்கறீரே!”

“சிக்கு எடுக்கறேன். நீர் உறங்கும்!”

இந்த மனுஷன் வாயில் விழுந்தால், ஊர் திரும்பியதும் தெருவே கைகொட்டிச் சிரிக்கும். ஐயர் மேல்வேட்டியைச் சுருட்டித் தலைக்கடியில் வைத்துக்கொண்டார்.

பிரயாகையில் யமுனைக்கு அக்கரையில் ஆலைப்புகை எழும்பிக்கொண்டிருந்தது. சங்கமக் கரையில் சீதாலக்ஷ்மி கூந்தலை விரித்துப் போட்டு, கணவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். சுற்றிலும் கூட்டம், முன்வரிசையில் வெங்கடகிருஷ்ணன். சீப்பை வாங்கிய ஐயர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைச் சடங்கு நடத்தும் வாத்தியார் கவனித்தார்.

“சிரமப்பட வேண்டாம். எங்காத்து மாமி பின்னிடுவா. நீங்க நுனியைத் தொட்டாப் போறும்.”

அப்பாடா என்று ஐயர் சீப்பை நீட்டினார். சீதாலக்ஷ்மியின் நிமிர்ந்திருந்த முதுகு தொய்ந்துபோயிற்று. அதைப் பார்த்ததும் ஐயருக்கு மனசு என்னவோ செய்தது. தன்மேலேயே கோபம் வந்து, நீட்டிய சீப்பை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

வாரினார். இத்தனை நரை விழுந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தார். மூன்று கால் பிரித்துப் பின்னினால் ஒன்று நழுவியது. அதைப் பிடித்தால் இன்னொன்று நழுவியது. ஒருவழியாக முடித்தபோது பின்னல் காதுப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

“ஓய், பின்னல் திருவனந்தபுரத்துக்குத் திரும்பிடுத்து!” என்றார் வெங்கடகிருஷ்ணன். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“போறும், கத்தரிக்கலாம்,” என்றார் வாத்தியார்.

“பொறுங்கோ ஸ்வாமி. கோணலா இருக்கு.” ஐயர் பின்னலை அவிழ்த்தார்.

“ஐயோ, போறும்னா! எல்லாரும் பாக்கறா,” என்றாள் சீதாலக்ஷ்மி. சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது.

“பாக்கட்டும். நீ தலையை ஆட்டாம இரு,” என்று அதட்டிவிட்டு, சேஷய்யர் முதலிலிருந்து வாரத் தொடங்கினார்.