ஓடையில் மீன் இல்லை என்று சொன்னவன்

எங்கள் ஊரில் ஓடை மீனைப் பற்றி வெளியாளிடம் வாய் திறக்கக் கூடாது. ஐப்பசியில் முதல் வெள்ளம் வந்ததும் தாமிரபரணியிலிருந்து சினைக் கெண்டைகள் எதிர்நீச்சல் போட்டு ஓடையில் ஏறும். பொத்தை என்று நாங்கள் சொல்லும் பாறைக்குன்றின் அடியில், கணுக்கால் ஆழத் தண்ணீரில், பரல்கற்களுக்கு நடுவே முட்டையிடும். அந்த ஒரு வாரம் ஊரில் ஒருவரும் தூண்டிலைத் தொட மாட்டோம். யாராவது கேட்டால், இங்கே ஏது மீன் என்று கையை விரித்துவிடுவோம். விஷயம் தெரிந்தால் வெடி போட்டு அள்ளிக்கொண்டு போய்விடுவார்களே என்ற பயம்தான்.

நானும் அப்படித்தான் சொன்னேன். சித்திரை வெயிலில், ஓடை வறண்டு கிடந்தபோது, கையில் தாள்கட்டோடு ஒரு பெண் என் டீக்கடைக்கு வந்தாள்.

"இந்த ஓடையில மீன் வருமா அண்ணாச்சி?"

"மீனா? தவளையே தண்ணி தேடி ஓடிப்போச்சும்மா" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பில் அவளுக்கு இன்னொரு டீ போட்டுக் கொடுத்தேன்.

புரட்டாசியில் கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. பொத்தையைத் தோண்டி ஜல்லி எடுக்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. பள்ளம் ஓடைக்கரை வரை வரும் என்று வரைபடத்தில் காட்டினார்கள். அதிகாரி அறிக்கையை வாசித்தார். ஓடையில் மீன்கள் இல்லை என்று உள்ளூர்வாசிகள் உறுதிப்படுத்தினார்களாம். அந்த உள்ளூர்வாசி நான்தான்.

எழுந்து நின்றேன். "மீன் உண்டுய்யா. நான்தான் அன்னைக்கு மாத்திச் சொல்லிட்டேன்."

எங்கே, எப்போது என்று அதிகாரி கேட்டார். ஊர்க்காரர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மைக்கில் சொன்னேன்: முதல் வெள்ளம், பொத்தையடி, பரல்மேடு. வெள்ளம் வந்ததும் நேரில் பார்க்கிறோம் என்று குறித்துக்கொண்டார். மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் எந்த ஊர் என்றே எனக்குத் தெரியாது.

வீட்டில் சோறு போட்டுவிட்டு மனைவி சொன்னாள்: "தவளை தன் வாயால கெடும்பாவ. நீங்க ரெண்டு தடவ கெட்டுட்டிய."

"பேசாம இருந்தா பொத்தையே போயிரும்லா" என்று கத்தினேன். அதன்பிறகு கடையில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக, மழை வராமல் இருந்தால் தேவலை என்று தோன்றியது.

ஐப்பசி இரண்டாம் வாரம் ஓடையில் செந்தண்ணீர் புரண்டது. விடிந்ததும் ஓடினேன். ஓடை ஆற்றில் சேரும் இடத்தில் கரைக்குக் கரை வலை கட்டியிருந்தது. சேற்றில் வண்டித் தடம். கம்பெனி ஆட்களா, கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்தவர்களா, இன்றுவரை தெரியாது. அள்ளிக்கொண்டு போனது போக, வலையின் ஓரத்தில் ஒரே ஒரு கெண்டை மாட்டிக் கிடந்தது. தூக்கினேன், மஞ்சள் முட்டை விரலெல்லாம் ஒட்டியது. அழுதுகொண்டே வலையை அறுத்தேன்.

மறுநாள் அதிகாரியும் அந்தப் பெண்ணும் வந்தார்கள். அறுத்த வலையைக் காட்டினேன்.

"இது ஆத்துல கட்டினது. ஓடையில என்ன இருக்கு?" என்றார் அதிகாரி.

தண்ணீர் தெளிந்திருந்தது. பரல்மேடு முழுக்க நடந்தோம். கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் தாள்கட்டைத் திறந்து, என் முகத்தைப் பார்க்காமல், அதே கேள்வியைக் கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன். இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை.