துரை பங்களாவில் தொட்டில் கட்டிய அம்மா

எங்கள் அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து, பந்தியில் அமர்ந்து, இந்தச் சிறு நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய நான் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட மலர்களில் இறந்தவர்கள் எல்லோரும் சாந்தமானவர்களாக, அதிர்ந்து பேசாதவர்களாக இருப்பார்கள். எங்கள் அம்மா அப்படி இல்லை. அம்மா கொழுந்து பறிக்கும் மலையில் பேசினால் கீழே ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் கேட்கும் என்று அப்பாவே சொல்வார். அந்தக் குரலால்தான் எங்கள் தோட்டத்துப் பழைய பங்களா இன்றும் நிற்கிறது. அதைச் சொல்லவே எழுத உட்கார்ந்தேன்.

அம்மா பிறந்தது பூண்டுலோயாவில், ஒரு தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். அம்மாவின் தகப்பனார் முசிறிப் பக்கத்திலிருந்து வந்தவர். பள்ளிக்கூடம் என்று ஏதோ கொஞ்ச நாள் போனாராம். அதற்குள் கொழுந்துக் கூடை தலைக்கு வந்துவிட்டது. அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு லிந்துலைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது, லயத்து வாசலில் நின்று அம்மா முதலில் பார்த்தது எதிர் மேட்டில் இருந்த அந்தப் பங்களாவைத்தான். "அது யாரு வீடு?" என்று கேட்டிருக்கிறார். "பெரிய துரை வீடு. ஆனா கல்லு எங்க தாத்தா தூக்குனது" என்று அப்பா பெருமையாகச் சொல்லிவிட்டார். சொன்னவர் அதை மறந்துபோனார். கேட்டவர் மறக்கவே இல்லை.

தேயிலைக்கு முந்திய காப்பிக் காலத்தில் கட்டிய வீடு அது. ஆற்றுக் கல்லை எடுத்துத் தோளில் சுமந்து மேட்டுக்கு ஏற்றிக் கட்டினார்கள். நீளமான விறாந்தை, தேக்குத் தரை போட்ட பெரிய மண்டபம், அறைக்கு ஒரு புகைபோக்கி, தோட்டத்தில் பிளம்ஸ் மரங்கள். எங்கள் ஆட்களில் சமையல் அப்புவையும் தோட்டக்காரரையும் தவிர யாரும் அதற்குள் கால் வைத்ததில்லை.

இலங்கை சுதந்திரம் பெற்றபோது நான் ஓடியாடும் பிள்ளை. ஸ்டோருக்கு முன்னால் புதுக்கொடி ஏற்றி எங்களுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். மிட்டாய் கரைவதற்குள் எங்களுக்குக் குடியுரிமை இல்லை என்று சட்டம் வந்துவிட்டது. லயத்தில் ஆண்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "நம்மள எந்த நாடும் வேணாங்குது. இனி யாருக்குப் பயப்படணும்?" என்றாராம். அன்றைக்கு அதைச் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அதன்பின் வெள்ளைத் துரை தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறினார். வாங்கியவர்கள் எங்கள் தோட்டத்தையும் பக்கத்துத் தோட்டத்தையும் ஒன்றாக்கினார்கள். புதிதாக நிர்வாகியாக வந்த சிங்களத் துரை அந்தப் பக்கத்துப் பங்களாவில் குடியேறியதால் எங்கள் பங்களாவுக்குப் பூட்டுத் தொங்கியது. முதலில் காவலுக்கு ஒரு வாச்சர் இருந்தார். பிறகு அவரும் இல்லை. கண்ணாடிகள் உடைந்தன. புகைபோக்கியில் செடி முளைத்தது. கூரையில் ஓடு நழுவிய இடமெல்லாம் மழை இறங்கியது. அறைகளில் வௌவால் குடும்பம் நடத்தியது.

அதே காலத்தில் எங்கள் பிள்ளை மடுவம் எப்படி இருந்தது என்றும் சொல்ல வேண்டும். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் அது. பெயர்தான் மடுவம். லயத்துக்குக் கீழே, ஓடைக்கரையில், நாலு கம்பும் ஓட்டைத் தகரமும். மழை பிடித்தால் மேலேயிருந்தும் ஒழுகும், கீழேயிருந்தும் ஊறும். அங்கே நனைந்த தொட்டிலில் கிடந்துதான் என் தம்பி சளி கட்டிச் செத்தான். அம்மா கொழுந்து நிறுத்துவிட்டுப் பால் கொடுக்க ஓடி வந்தபோது பிள்ளையின் உடம்பு சில்லிட்டிருந்தது. அப்போது எனக்கு விவரம் தெரியும். அம்மா அழுததைவிட, அழுது முடித்ததும் எழுந்து அந்த நனைந்த தொட்டில் சேலையை அவிழ்த்துப் பிழிந்து மடித்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

துக்கம் முடிந்து பெரட்டுக் களத்துக்குப் போன அம்மா, ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொண்டிருந்த கணக்கப்பிள்ளை ஐயாவிடம், "எனக்கு இனி மலை வேணாங்க. மடுவத்து ஆயா வேல குடுங்க" என்றார். கொடுத்தார்கள். அன்று முதல் தோட்டத்துக் குழந்தைகள் எல்லாம் அம்மாவின் குழந்தைகள். கூரையைச் சரி செய்யச் சொல்லிக் கணக்கப்பிள்ளை ஐயாவிடம் கேட்டார், ஒப்பீஸ் கிளாக்கர் ஐயாவிடம் கேட்டார். "ஆகட்டும், பார்ப்போம்" என்றே எல்லோரும் சொன்னார்கள். குழந்தைகளை மடியில் அள்ளிக்கொண்டு ஒழுகாத மூலை தேடும்போதெல்லாம் அம்மாவின் கண் மேட்டுக்குப் போகும். "அங்கன வௌவாலு காஞ்ச எடத்துல படுத்துத் தூங்குது. நம்ம புள்ளைக இங்கன நனையுது" என்பார்.

இந்த நிலையில்தான் பங்களாவை இடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. கல்லை எடுத்து ஸ்டோருக்குப் புதுச் சுவர் கட்டவும், தேக்கை விற்கவுமாம். தோட்டத்தில் யாரும் வருந்தவில்லை. வருந்த எங்களுக்கு அந்த வீடு என்ன செய்தது? அப்பாவும், "வெள்ளக்காரன் வீடுதானே, போனாப் போவுது" என்றார்.

"வெள்ளக்காரனா கல்லு தூக்குனான்? ஒங்க தாத்தாதானே தூக்குனாரு? அவரு தோளு தேஞ்சது போதாதா, இப்ப சும்மா இடிச்சுத் தள்ளணுமா?" என்று அம்மா பிடித்த பிடியில் அப்பா சாப்பிடாமலே எழுந்து போனார்.

அந்த வருடத்து மாரியம்மன் திருவிழா வந்தது. எங்கள் தோட்டத்து வழக்கத்தை வெளியூர் உறவினர்களுக்காகச் சொல்கிறேன். தோளில் சுமக்கும் தேர் லயங்களைச் சுற்றியபின் மேட்டுக்கு ஏறிப் பங்களா வாசலில் நிற்கும். துரை வெளியே வந்து அர்ச்சனைத் தட்டை வாங்க வேண்டும். தட்டை வாங்கியவர் அம்மன் முன்னால் ஜனங்கள் கேட்கும் ஒன்றை மறுக்கக்கூடாது. வெள்ளைத் துரைமார் காலம் முதல் அப்படித்தான். நாங்கள் கேட்பதும் ஒவ்வொரு வருடமும் ஒன்றேதான்: மறுநாள் அரை நாள் லீவு. எவ்வளவு பெரிய வரம்! துரை சிரித்துக்கொண்டே கொடுப்பார், தேர் இறங்கும். வீடு பூட்டிக் கிடந்த வருடங்களிலும் அம்மன் போகும் பாதையை மாற்றக்கூடாது என்று தேர் மேட்டுக்கு ஏறத்தான் செய்தது. பூட்டிய கதவுக்குத் தீபம் காட்டி, தட்டைப் படியில் வைத்து எடுத்துக்கொண்டு திரும்புவோம்.

அன்று பிற்பகல் தேர் ஏறியபோது கதவு திறந்து கிடந்தது. இடிப்பு வேலையை எடுத்திருந்த கினிகத்தேனை மேஸ்திரியான பாஸை அழைத்துக்கொண்டு சிங்களத் துரை வந்திருந்தார். எந்த உத்தரத்தை விற்கலாம், எது விறகுக்கு என்று பாஸ் சுண்ணாம்புக் கட்டியால் மரமெல்லாம் அடையாளம் போட்டுக்கொண்டிருந்தார். தப்புக் கொட்டும் சத்தம் கேட்டுத் துரை விறாந்தைக்கு வந்தார். அம்மனைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றினார். பூசாரி நீட்டிய தட்டை இரண்டு கையாலும் பணிவாக வாங்கிக்கொண்டார். நல்ல மனிதர். ஆனால் அந்தத் தட்டோடு என்ன சேர்ந்து வருகிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

தோட்டத்துச் சங்கத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். எல்லோருக்கும் தெரியும், அரை நாள் லீவு. அவர் வாயைத் திறப்பதற்குள், இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையுமாக அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு படியில் ஏறி நின்றார்.

"தொரைங்க தட்ட வாங்கிட்டீங்க. வாங்குனவங்க நாங்க கேக்குற ஒண்ண இல்லேன்னு சொல்லக்கூடாது. இது இந்தத் தோட்டத்து வழக்கம்."

துரை கிளாக்கர் ஐயாவைத் திரும்பிப் பார்த்தார். கிளாக்கர் ஐயா நெளிந்தபடி, "அப்படி ஒரு வழக்கம் இருக்குதான் சார்" என்றார்.

"சரி, என்ன வேணும்?" என்றார் துரை தோட்டத்துத் தமிழில்.

"இந்த வீடு வேணும். எங்க புள்ளைகளுக்கு மடுவமா."

தப்பு நின்றுவிட்டது. பின்னாலிருந்து அப்பா, "அடியே, எறங்கி வாடி" என்று பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது. பாஸ் சிங்களத்தில் துரையிடம் ஏதோ படபடவென்று பேசினார். துரை யோசித்துவிட்டு, "யோசிச்சுப் பார்க்கிறது" என்றார்.

"அம்மனுக்கு முன்னுக்கப் பாக்குறேன்னு சொல்றது இல்லீங்க தொரை. பாக்குறேங்குற பேச்ச நான் வருசக்கணக்கா ஒப்பீசுல கேட்டுட்டேன். என் மகன் செத்த பெறகும் அந்தப் பேச்சுதான். ஒண்ணு தரேன்னு சொல்லுங்க, இல்ல தரமாட்டேன்னு அம்மன்கிட்ட நீங்களே சொல்லிருங்க."

யாரும் அம்மாவுக்குத் துணை பேசவில்லை. ஆனால் தேர் தூக்கியவர்கள் இறக்கி வைக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. பாரத்தோடு அப்படியே நின்றார்கள். பின்னால் நின்றிருந்த அப்பாவும், ஏசியதை நிறுத்திவிட்டுத் தோள் கொடுக்கப் போய்விட்டார். துரை கையிலிருந்த தட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், அம்மாவின் இடுப்பில் மூக்கொழுக இருந்த குழந்தையைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"தரேன். ஆனா மழைக்கு முந்தி கூரை சரியாகணும். நீங்கதான் செய்யணும். ஆகாட்டி இடிக்கிறது."

கூட்டம் போட்ட சத்தத்தில் வௌவால்கள் பகலிலேயே வெளியேறின. அந்த வருடம் எங்களுக்கு அரை நாள் லீவு கிடைக்கவில்லை என்று தலைவர் கடைசிவரை குறைபட்டார்.

மழைக்கு அதிக நாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டமே மேட்டில் இருந்தது. பெண்கள் சுத்தம் செய்தோம், ஆண்கள் கூரையில் ஏறினார்கள். ஓடு மாற்றுவது எங்கள் ஆட்களுக்குப் பழக்கமில்லை. ஒன்று வைத்தால் இரண்டு உடைந்தது. அம்மா பஸ் ஏறிக் கினிகத்தேனைக்கே போய்விட்டார். பாஸ் வாசலில் நின்று, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "இடிக்கத் தெரிஞ்ச ஒங்களுக்குத்தானே எது உறுதின்னு தெரியும்? வாங்க" என்று சொல்லியிருக்கிறார். வேலை பறிபோன கோபத்தில் இருந்த மனிதர் முதலில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருடைய மனைவி கதவைத் திறந்து அம்மாவை உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தார். அந்த அம்மையாரும் பிள்ளை பறிகொடுத்தவர். இருவரும் என்ன பேசினார்களோ, அடுத்த ஞாயிறு பாஸ் தன் ஆட்களோடு வந்து இறங்கினார். தான் விற்பதற்கென்று அடையாளம் போட்ட உத்தரங்களை விட்டுவிட்டு, விறகுக்கென்று போட்டவற்றை மாற்றினார்.

கடைசி ஓடு வைத்த வாரத்திலேயே மழை பிடித்தது. அந்த முதல் மழையில் அம்மா மண்டபத்து நடுவில் அண்ணாந்து நின்றதை நான் பார்த்தேன். வெகுநேரம் நின்றார். ஒரு சொட்டும் விழவில்லை. பிறகு தன் கல்யாணச் சேலையை எடுத்துத் தேக்கு உத்தரத்தில் முதல் தொட்டிலைத் தானே கட்டினார். அம்மா அன்று பாடிய தாலாட்டு மிகவும் சுருதி கெட்டது. அவ்வளவு சந்தோஷமான குரலை நான் கேட்டதே இல்லை.

அதன்பின் சுற்றியுள்ள தோட்டங்களில் எத்தனையோ பழைய பங்களாக்கள் இடிந்தும் இடிக்கப்பட்டும் போயின. எங்கள் பங்களா மட்டும் நின்றது. துரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வருடாவருடம் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார், பிறகு ஒரு அறையில் சின்னப் பள்ளிக்கூடமும் வைத்துக் கொடுத்தார். அங்கே படித்து, இன்று ஹட்டனில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் நிலைக்கு நான் வந்திருக்கிறேன்.

எங்களில் பலரைத் திருப்பி அனுப்ப இந்தியாவோடு ஒப்பந்தம் என்று சென்ற வருடம் பேச்சு வந்தபோது, ஊருக்குப் போவீர்களா என்று பலர் அம்மாவிடம் கேட்டார்கள். அப்போதே வயிற்று நோவால் அம்மா மெலிந்திருந்தார். "நான் போனா மடுவத்துக் கதவ யாரு தொறக்குறது?" என்பதே பதில். நுவரெலியா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாட்களிலும் எங்களை விசாரித்ததைவிட, எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல், எந்தக் குழந்தை தவழுகிறது என்று விசாரித்ததே அதிகம். கோபம் வந்தது எனக்கு. இப்போது அந்தக் கோபத்தையும் பெருமையாகவே நினைக்கிறேன்.

அம்மாவைக் கைவிடாமல் பார்த்த டாக்டர் ஐயாவுக்கும் தாதிமாருக்கும், பாடையைச் சறுக்கும் பாதையில் தோள் மாற்றிச் சுமந்த தோட்டத்து இளைஞர்களுக்கும், காரியம் வரை அடுப்பைப் பார்த்துக்கொண்ட லயத்துப் பெண்களுக்கும், கண்ணீரோடு வந்து நின்ற துரை அவர்களுக்கும், கினிகத்தேனையிலிருந்து மலர் வளையத்தோடு வந்த பாஸ் தம்பதியருக்கும், இதை அழகாக அச்சிட்டுத் தந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

அம்மா, போன வாரம் லிந்துலையில் பெருமழை. ஆறு பாலத்தைத் தொட்டது, பழைய மடுவம் இருந்த ஓடைக்கரை இடிந்து போய்விட்டது. நான் விடிந்ததும் மேட்டுக்கு ஏறிப் போய்ப் பார்த்தேன். எல்லாத் தொட்டிலும் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளையும் நனையவில்லை.