பிரேக் பிடித்த நாள்

கடலோரத்தில் டிஸ்க் பிரேக் வைத்த சைக்கிளை வாங்கியவன் எவனும் நிம்மதியாக இருந்திருக்க மாட்டான். பேசாலையிலிருந்து மன்னாரில் வேலைசெய்யும் கந்தோருக்குப் போய்வர நான் ஒன்று வாங்கினேன். மணல் புகுந்தால் டிஸ்க் தட்டு கிறீச்சிடும். உப்புக்காற்றில் கேபிள் இறுகும். பிரேக் பேட் தேயத் தேய அதைத் தட்டுக்குக் கிட்டத் திருகி வைக்க வேண்டும். இதையெல்லாம் சமாளிக்கலாம். அப்பாவைத்தான் சமாளிக்க முடியவில்லை.

அப்பா வாழ்நாள் முழுக்கக் கடலுக்குப் போனவர். கரைக்கு வந்தால் என்ஜினிலிருந்து கத்தி வரை இரும்பு எல்லாவற்றுக்கும் எண்ணெய் பூசிவிட்டுத்தான் சோற்றுக்கு உட்காருவார். படகை விற்ற பிறகு மறதி வந்தது. அம்மா செத்தது மறந்தது. நான் யாரென்பதும் மறந்தது. ஆனால் பொழுதுபட்டதும் கிழிந்த சாரத்துண்டை என்ஜின் எண்ணெயில் நனைத்துக்கொண்டு என் சைக்கிளிடம் வந்துவிடுவார். சில்லின் நடுவில் மினுங்கும் அந்தத் தட்டைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்குவார்.

எண்ணெய் பட்டால் பிரேக் வழுக்கும். முதல்நாள் அது தெரியாமல் போய், நடுவீதியில் நின்ற கழுதையில் முட்டினேன். கழுதை அசையவில்லை, நான்தான் விழுந்தேன். வீட்டுக்கு வந்து கத்தினேன்.

“அப்பா, இதுக்கு எண்ணெய் பூசாதேங்கோ! பிரேக் பிடிக்காது!”

“இரும்பெண்டா எண்ணெய் வேணும், தம்பி. உப்புக்காத்து திண்டுபோடும். ஆரோ ஒராளின்ரை சாமான், பழுதாகக் கூடாது.”

ஒருநாள் சைக்கிளைப் பக்கத்து வீட்டில் ஒளித்து வைத்தேன். அவர் துண்டும் கையுமாக வளவெல்லாம் தேடினார், பிறகு சாப்பிடாமலே படுத்துவிட்டார். அவரிடம் மிஞ்சியிருந்தது அந்த வேலை ஒன்றுதான். அதையும் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் அவர் மாலையில் பூசுவார், நான் காலையில் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பேன். பிரேக் பேட்டைச் சாண்ட் பேப்பரில் தேய்ப்பேன். எண்ணெய் முற்றாக ஊறிவிட்டால் எறிந்துவிட்டுப் புதிது போடுவேன். திட்டிக்கொண்டேதான் செய்தேன்.

ஒருநாள் காலை நேரம் பிந்திவிட்டது. துடைக்காமலே புறப்பட்டேன். கருவாடு காயப்போடும் இடத்தில் ஆடொன்று குறுக்கே பாய்ந்தது. விழப்போகிறேன் என்று நினைத்துத்தான் பிரேக்கை அழுத்தினேன். சில்லு அந்த இடத்திலேயே நின்றது.

“நல்ல பிரேக்!” என்றார் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தவர்.

இறங்கித் தட்டைத் தடவினேன். விரலில் எண்ணெய் படவில்லை. நேற்று மாலை அப்பா பூசவில்லை. கந்தோருக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

அப்பா கதிரையில் இருந்தார். சாரத்துண்டை நானே எண்ணெயில் நனைத்து அவர் கையில் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார்.

“இது என்னத்துக்கு, ஐயா?” என்று மரியாதையாகக் கேட்டார்.

அவரைச் சைக்கிளடிக்குக் கூட்டிப்போனேன். அவர் கையைப் பிடித்துத் தட்டில் எண்ணெய் பூசினேன், சுற்றிச் சுற்றிப் பூசினேன். பிரேக் நாசமாகப் போகட்டும். தானாகப் பூசுவாரா என்று, அழுதுகொண்டே என் கையை எடுத்துப் பார்த்தேன். அவருடைய கையும் நின்றுவிட்டது.